ஐப்பசி மழையில் குடையோடு ஒரு சுற்று

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் இருப்பது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய 62 வீடுகள் கொண்ட ஒரு ரவுண்ஹவுஸ் வளாகம். உள்ளே ஓடும் ஒழுங்கைகள் வளாகத்துக்குச் சொந்தம். மாநகரசபையின் பனி வழிக்கும் வண்டி பெரிய தெருவோடு திரும்பிவிடும். வீடு வாங்கும்போது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நிர்வாகசபைக் கூட்டத்துக்குச் சும்மா எட்டிப் பார்க்கப் போய், அங்கத்தவனாகி வெளியே வந்த பிறகுதான் தெரியவந்தது.

முதல் வருடம் மலிவாக வந்த ஒருவருக்கு வேலையைக் கொடுத்தோம். ஸ்நோ கொட்டினால் விடிய முன்னமே வந்து வழித்துவிடுவார், அதில் குறையில்லை. ஆனால் வழித்ததையெல்லாம் மேட்டுப்பக்கம், தபால்பெட்டிகளுக்கு அருகே மலையாகக் குவித்துவிட்டுப் போவார். அந்த மலைக்கு அடியில் வடிகால் ஒன்று இருந்தது யாருக்கும் நினைவில்லை. பகல் வெயிலுக்குப் பனி உருகும். இறங்க வழியில்லாத தண்ணீர் ஒழுங்கைக்குக் குறுக்கே வழியும். இரவு அது கண்ணாடியாக இறுகும். ஒரு துளி ஸ்நோவும் விழாத ஒரு காலையில், கடிதம் எடுக்கப் போன மூலைவீட்டு அன்ரி சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஒப்பந்தகாரரைக் கேட்டால், ஸ்நோ கொட்டாத நாளில் நான் ஏன் வரவேண்டும் என்றார். ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்த்தோம். 5 சென்ரிமீற்றர் விழுந்தால் வழிப்பது என்று மட்டும்தான் இருந்தது. மனிசன் சொன்னது சரி, கையெழுத்து வைத்த நாங்கள்தான் மொக்கர்.

அடுத்த ஐப்பசியில் ஒருநாள் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு அண்ணை கதவைத் தட்டினார். இலங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர், வன்னிக் குளக்கட்டுகளில் மாரிகாலம் கழித்தவர்.

"குடையை எடுத்துக்கொண்டு வா தம்பி. ஸ்நோவை விடு, தண்ணியைப் பார். இப்ப எங்கை தேங்குதோ, தையிலை அங்கைதான் ஐஸ்."

வளாகத்தின் வரைபடத்தை பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் நடந்தோம். தண்ணீர் தேங்கும் இடங்கள் ஏழு. ஐந்து வடிகால்களில் இரண்டை மேப்பிள் இலை அடைத்திருந்தது. இரண்டு வீட்டுக் கூரைப் பீலிகளின் வாய் நேரே நடைபாதையைப் பார்த்திருந்தது. பீலிக்குத் துண்டுக் குழாய் பூட்டிப் புல்லுப்பக்கம் திருப்பிவிட்டோம், இலையை வாரினோம். அந்த வருடம் செய்த வேலைகளில் ஆகக் குறைந்த காசு போனதும் ஆகக் கூடிய பலன் தந்ததும் இதுதான்.

புது ஒப்பந்தத்தோடு அந்த வரைபடத்தையே இணைத்தோம். பனியைக் குவிக்கும் இடம் சிவப்புக் கோட்டில்: பள்ளப்பக்கம், வடிகாலுக்குக் கிட்ட, ஆனால் அதற்கு மேலே இல்லை. உருகி மறுபடி உறையும் நாட்களிலும் வந்து ஐஸ் கரைய உப்புப் போடவேண்டும் என்று எழுதினோம். ஒவ்வொரு முறையும் வந்த நேரத்தையும் செய்த வேலையையும் குறித்துத் தரச் சொன்னோம். அதற்குக் காரணம் இருக்கிறது. 2021 ஜனவரி 29இலிருந்து ஒன்ராறியோவில் தனியார் இடத்தில் பனியிலோ ஐஸிலோ விழுந்து காயப்பட்டவர், வழக்குப் போடுவதானால் பொதுவாக 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். அப்படி ஒரு கடிதம் வந்தால் அந்த நாளில் என்ன செய்தோம் என்று காட்டக் கையில் ஏதாவது வேண்டும்.

உப்பு விஷயத்தில் எங்கள் ஆட்களின் கை தாராளம். புட்டுக்குத் தேங்காய்ப்பூப் போடுவதுபோல அடுக்கடுக்காகக் கொட்டுவார்கள். சாதாரண உப்பு சுமார் -10 பாகைக்குக் கீழே மந்தமாகிவிடும், எவ்வளவு கொட்டினாலும் காசுதான் கரையும். அந்தக் குளிருக்கு மணல் தூவினால் கால் பிடிக்கும். அதோடு ஒழுங்கையில் போட்ட உப்பு கரைந்து வடிகாலால் ஹைலண்ட் கிரீக்குக்குப் போய், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரியில் சேருகிறது. வீதி உப்பு சுற்றாடலுக்குக் கேடு என்று கனடிய அரசின் ஆய்வு 2001இலேயே முடிவு சொல்லிவிட்டது.

கரைக்கல்லையும் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களையும் காட்ட செம்மஞ்சள் கம்புகள் நட்டோம். நிலம் இறுக முன்னம் நடவேண்டும். பிந்திப்போன ஒரு வரிசையை மார்கழியில் அடிக்கப் போய், கம்புதான் வளைந்தது. கிழமைக்கு மூன்று தரம் டயாலிசிஸுக்குப் போகிறவரின் வாசலை முதலில் வழிப்பது என்று எழுதிக்கொண்டோம். எச்சரிக்கை வந்த இரவுகளில் விருந்தினர் தரிப்பிடத்தில் கார் விடக்கூடாது என்ற விதிக்காக வட்ஸ்அப்பில் நடந்த சண்டையை இங்கே எழுதப் போவதில்லை.

2025 பெப்ரவரியில் சோதனை வந்தது. அடுத்தடுத்து வந்த புயல்களில் ரொறன்ரோவில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியது. குடும்பதின நீண்ட விடுமுறையின் ஞாயிறு இரவு, சிவப்புக் கோடு போட்ட இடமெல்லாம் நிரம்பிவிட்டது. இரண்டாவது இடம் ஒன்று வேண்டிவரும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. ஆறு கார்த் தரிப்பிடங்களைப் பலிகொடுத்தோம், பிறகு லோடரும் ட்ரக்கும் வாடகைக்குப் பிடித்து அள்ளினோம். அது ஒப்பந்தத்துக்கு வெளியே போன செலவு. வண்டி ஒவ்வொரு வாசலிலும் விட்டுப்போன முழங்கால் உயர வரம்பைப் பெடியள் இரவிரவாக வெட்டினார்கள். 1999இல் மேயர் மெல் லாஸ்ற்மன் பனி அள்ள இராணுவத்தைக் கூப்பிட்டதற்கு நாடே சிரித்ததாம். அன்றிரவு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பங்குனியில் எல்லாம் உருகியபோது தண்ணீர் வடிகாலில் இறங்கியது. அண்ணை இரும்புக் கம்பியோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் விழவில்லை.

பிறகு நடந்த கூட்டத்தில் நாங்கள் கொஞ்சம் பெருமையோடு கணக்கு வாசித்தோம். மூலைவீட்டு அன்ரி எழும்பினார்.

"எல்லாம் சரி. அந்தத் தபால்பெட்டியை ஏன் இன்னும் அந்த மேட்டிலையே வச்சிருக்கிறியள்?"

ஒருவரிடமும் பதிலில்லை. அதை மாற்றக் கேட்டு இப்போது கடிதம் போட்டிருக்கிறோம்.