துடுப்பும் நூலக அட்டையும்

இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் அட்டை நூலக அட்டை. வேலை அதற்குப் பிறகுதான் வந்தது. கோடை தொடங்கியதும் உடன் வேலை செய்பவர் ஒருவர், "கனூவில் துடுப்பு வலிக்க வருகிறீர்களா?" என்றார். கனூ என்பது ஒடுக்கமான சிறு படகு. எனக்கு நீச்சலே அரைகுறை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே நூலகத்துக்குப் போனேன். பயந்தாங்கொள்ளிக்குப் புத்தகம்தானே துணை.

முதலில் எடுத்தது கனூ ஓட்டக் கற்றுத்தரும் பில் மேசனின் 'பாத் ஆஃப் தி பேடில்'. படங்கள் நிறைய, என் அப்போதைய ஆங்கிலத்துக்கு அது பெரிய உதவி. நீரோட்டத்தில் தெரியும் 'வி' வடிவத்தின் கூர்முனை, ஆறு ஓடும் திசையைக் காட்டினால் அங்கே வழி உண்டு. எதிர்த்து நம்மைப் பார்த்து நின்றால் அடியில் பாறை. பின்னால் உட்காருபவர் ஒவ்வொரு முறை துடுப்பை வலித்து முடிக்கும்போதும் அதை லேசாக வெளியே தள்ளிப் படகை நேராக்குவது 'ஜே' வலிப்பு. எல்லாம் புரிந்ததாகவே நினைத்திருந்தேன். முதல் நாள் படகு மூன்று வட்டமடித்தது.

மனதுக்கு நெருக்கமானது ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் 'ஆன் இன்லாண்ட் வாயேஜ்' (1878). நண்பரும் அவரும் 1876இல் ஆளுக்கொரு கனூவில் பெல்ஜியம், பிரான்ஸ் வழியாகப் போன கதை. விழுந்து கிடந்த மரத்தில் மாட்டி, படகு போய்விட்ட பிறகும் துடுப்பை அவர் விடவில்லை. கல்லறையில் அதையே பொறிக்க வேண்டும் என்கிறார். சிரித்துக்கொண்டே வந்தவன் லா ஃபேர் என்ற பிரெஞ்சு ஊர் வரும் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். ஈரப் பையும் அழுக்கு உடையுமாக வந்தவர்களைத் தெரு வியாபாரிகள் என்று எண்ணி, விடுதிக்காரி வாசலைக் காட்டுகிறாள். வாடகைக்கு அறை தேடி அலைந்த வாரங்களில் அப்படிச் சில வாசல்களை நானும் பார்த்திருக்கிறேன். அவருக்காவது திரும்பிப் போனால் நல்ல சட்டை இருந்தது.

அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் ஆற்றுப் பயண நூல் 'எ வீக் ஆன் தி கான்கார்ட் அண்ட் மெரிமாக் ரிவர்ஸ்' (1849) பொறுமைசாலிகளுக்கு. அச்சிட்ட 1000 பிரதிகளில் 706 அவரிடமே திரும்பி வந்தன. நானும் பாதியில் திருப்பிக் கொடுத்தேன்.

மார்க் ட்வைனின் 'லைஃப் ஆன் தி மிசிசிப்பி' (1883) துடுப்புப் புத்தகம் அல்ல, நீராவிக் கப்பலோட்டியின் கதை. ஆனால் ஆற்றைப் 'படிக்க' அதைவிட நல்ல ஆசான் எனக்கு அமையவில்லை. நீரின் ஒவ்வொரு சுழிப்புக்கும் பொருள் தெரிந்த பிறகு ஆற்றின் அழகே போய்விட்டது என்று வருந்துகிறார். எனக்கு அந்தக் கவலை இன்னும் வரவில்லை. 'வி' எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யோசிப்பதற்குள் பாறை வந்துவிடுகிறது.