பத்தரை மணிப் பந்தி

காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு சிறிய மெஸ்ஸில் கல்லாவையும் பந்தியையும் நான்தான் கவனித்துக்கொள்கிறேன். வார நாட்களில் ஒன்பதரைக்குள் டிபன் முடிந்துவிடும், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. நடுவில் தோசைக்கல்லை இறக்கி உலை வைப்போம். ஞாயிற்றுக்கிழமை இந்த ஒழுங்கெல்லாம் செல்லாது. பிள்ளையார்பட்டியில் தரிசனம் முடித்தவர்கள், சென்னையிலிருந்து வந்து பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து தூசு தட்டியவர்கள், தாமதமாக எழுந்த உள்ளூர்க் குடும்பங்கள் என்று எல்லோரும் பத்தரைக்கு மேல்தான் வருவார்கள். காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள், மதியம் தனியாகச் சாப்பிடப் போவதும் இல்லை. ஒரே மேசையில் ஒருவர் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் கேட்பார், பக்கத்தில் இருப்பவர் "சோறு வடித்தாயிற்றா தம்பி?" என்பார்.

முதலாளியின் மகன் சென்னையில் படித்தவர். பெரிய ஓட்டல்களில் காலை டிபனையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி, ஞாயிறு பிரஞ்ச் என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்களே, நாமும் வைத்தால் ஆள் செலவு மிச்சமாகுமே என்கிறார். கணக்குப்படி அவர் சொல்வது சரிதான். ஆனால் எங்களிடம் பாதிப் பேர் வருவதே வெள்ளைப் பணியாரத்துக்காக. அதை வரிசையில் வைக்க முடியாது.

பச்சரிசியை ஆழாக்கில் தலை தட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பது இந்த ஊர் அளவு. இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். வெண்ணெய் போல அரைத்து, உப்பும் கொஞ்சம் பாலும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்து உடனே சுட வேண்டும். மாவு புளித்துவிட்டால் எண்ணெய் குடிக்கும், நிறமும் போய்விடும். சட்டியில் ஒரு நேரத்துக்கு ஒரு கரண்டி மாவுதான். அது தானாக எழும்பி உப்பி வர வேண்டும். சிவக்கும் முன்பே திருப்பிப் போட்டு எடுத்துவிட வேண்டும். எடுத்து வைத்துக் காத்திருந்தால் துவண்டுவிடும். ஆறு பேர் வந்து ஆளுக்கு இரண்டு கேட்டால், பன்னிரண்டு முறை கரண்டி இறங்கியாக வேண்டும். எங்கள் பணியார அக்காவிடம் "சீக்கிரம்" என்று சொல்லிப் பயனில்லை. எண்ணெயிடம் போய்ச் சொல்லுங்கள் என்பார்.

அந்த நேரத்தை எப்படிக் கடத்துவது என்பதுதான் என் வேலையில் பாதி. இலை போட்டதும் முதலில் கவுனி அரிசி வைத்துவிடுகிறேன். இங்கே கல்யாண வீட்டுக் காலைப் பந்தியில் இனிப்பு முன்னால் வருவது பழக்கம் என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கறுப்பான அந்த அரிசியில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்திருக்கும். வேகமாக விழுங்க முடியாது, மென்றுதான் தின்ன வேண்டும். அதற்குள் அடுப்படியில் நான்கைந்து பணியாரம் வெந்து வந்துவிடும். அவற்றை வரமிளகாய்ச் சட்னியுடன் முதலில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் வைத்துவிட்டால் மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். நடுவயது ஆண்கள் மட்டும் கொஞ்சம் முறைப்பார்கள்.

கவுனியில் வேறு சங்கடம். பர்மாவிலிருந்து நகரத்தார் கொண்டுவந்த அரிசி அது. இராத்திரி முழுக்க ஊறினால்தான் காலையில் ஒழுங்காக வேகும். ஊறவைத்த தண்ணீரிலேயே வேகவைத்தால்தான் நிறம் நிற்கும். ஆகவே ஞாயிறு எத்தனை பேர் வருவார்கள் என்பதைச் சனிக்கிழமை இரவே முடிவு செய்தாக வேண்டும். இதற்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் முடியாது. முகூர்த்த நாள் என்றால் ஊருக்குள் கார்கள் நிறைந்திருக்கும், எங்கள் பெஞ்சுகள் காலியாக இருக்கும். எல்லோரும் கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிடுவார்கள். அமாவாசை விழுந்தால் பாயா மிஞ்சும். சங்கடஹர சதுர்த்தி என்றால் பிள்ளையார்பட்டிக் கூட்டம் அப்படியே இங்கு இறங்கும், சைவம் மட்டும் கேட்கும்.

வெளியூரார் சொல்லும் ஒரு குறை எனக்கு வேடிக்கையாக இருக்கும். "காரமே இல்லையே, இது செட்டிநாடு மாதிரி இல்லை" என்று காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு சொல்வார்கள். வேறு ஊர்களில் இந்தப் பெயரைப் பலகையில் எழுதி மிளகாய்த்தூளைக் கொட்டியதன் விளைவு இது. கல்பாசியும் சோம்பும் மிளகும் சேர்ந்த வாசனைதான் இங்கே முக்கியம். நான் வாதாடுவதில்லை, இன்னொரு கரண்டி வரமிளகாய்ச் சட்னி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

நான் மதிக்கும் வாடிக்கையாளர்கள் கார் ஓட்டுநர்கள். ஆத்தங்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களை இறக்கிவிட்டு, கிடைக்கும் இடைவெளியில் வருவார்கள். அவர்களுக்கு இடியாப்பமும் கத்தரிக்காய் கோசமல்லியும் உடனே போய்விட வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் சட்டம். அடுத்த வாரம் யாரை எங்கே சாப்பிட அழைத்துப் போவது என்பதை முடிவு செய்வது அவர்கள்தானே. பெரிய மனிதர்களைக் காக்கவைத்துவிட்டு ஓட்டுநருக்கு முதலில் இலை போடுகிறேன் என்று முதலாளிக்கு என்மேல் இன்னும் வருத்தம் உண்டு.

வரும் ஞாயிறு முகூர்த்தம். கவுனி இரண்டு படி ஊறப்போடச் சொல்கிறார் அவர். ஒரு படி போதும் என்கிறேன் நான்.