இதற்கு மிஞ்சினது

ஜூன் 4

ரிப்போர்ட் வந்துவிட்டது. என்னிடம்தான் இருக்கிறது.

ஜூன் 5

அன்றைக்கு ஸ்ட்ரெச்சரில் போகும்போது அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எதுவா இருந்தாலும் மறைக்காதடா. மத்தவங்க சொல்லமாட்டாங்க, நீ சொல்லிடணும்." சரி என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் என் கையை விட்டான்.

நேற்று வராந்தாவில் அண்ணி பைபிளை நீட்டினார். "அவருக்குத் தெரியவே கூடாது, சத்தியம் பண்ணுங்க." கையை வைத்துவிட்டேன். பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம் என்று சொல்கிற புத்தகத்தின் மேலேயே! மத்தேயு 5:34. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஜூன் 6

"ரிசல்ட் வந்துச்சா?"
"நாளைக்கு வரும்ணே."

ஜூன் 7

தூக்கமே இல்லை. யோசுவா 9 வாசித்தேன். பக்கத்திலேயே இருந்த கிபியோனியர் பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்த தோல்பைகளையும் காட்டி, தூரதேசத்தார் என்று ஏமாற்றி இஸ்ரவேலரிடம் உடன்படிக்கை வாங்குகிறார்கள். மூன்றே நாளில் குட்டு உடைகிறது. ஆனாலும் ஆணையிட்டாயிற்று, தொடக் கூடாது என்று இஸ்ரவேலர் விட்டுவிடுகிறார்கள். வெகுகாலம் கழித்து சவுல் ராஜா அதை மீறப்போய், தாவீதின் நாளில் மூன்று வருஷம் பஞ்சம். ஏமாற்றி வாங்கிய வாக்குக்கே இவ்வளவு என்றால், அழுது வாங்கியதற்கு? ஆனால் அண்ணனுக்குக் கொடுத்தது அதற்கும் முந்தியது. கடன் பத்திரம் மாதிரி, எது முந்தின தேதி என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், சீ.

கவர் பையிலேயே கிடக்கிறது. ஓரம் மடங்கிவிட்டது.

ஜூன் 8

இன்றைக்கும் "நாளைக்கு வரும்." ஊசி குத்திய இடத்து பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டிக்கொண்டே "ம்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சின்ன வயதிலும் நான் பொய் சொன்னால் இப்படித்தான் வேறெங்காவது பார்ப்பான்.

ஜூன் 9

சங்கீதம் 15. "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்." தனக்கு. என் சத்தியத்தில் எனக்கென்ன நஷ்டம்? ஒன்றுமில்லை, எல்லாம் அண்ணனுக்கு. வாக்குத் தவறாதவன் என்றால் ஏரோது ராஜாவும் வாக்குத் தவறாதவன்தான். பந்தியில் இருந்தவர்கள் முன்னால் பேச்சு மாறக் கூடாதென்று யோவான்ஸ்நானன் தலையையே கொடுத்தான்.

சரி, இங்கேயாவது உள்ளதை உள்ளதென்று எழுதிவிடுகிறேன். அண்ணிக்குக் கொடுத்த சத்தியம் எனக்கு வசதியாக இருக்கிறது. அண்ணன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அண்ணி கேட்காமல் இருந்திருந்தாலும் வேறு ஏதாவது சாக்கு கண்டுபிடித்திருப்பேன்.

கவர்.

ஜூன் 10

லேவியராகமம் 5. யோசனையில்லாமல் ஆணையிட்டவன் அதை அறிக்கையிட வேண்டுமாம். கர்த்தரிடம் சொல்லியாயிற்று, அது சுலபம். அண்ணியிடம்?

ஜூன் 11

"என்னால காப்பாத்த முடியாது அண்ணி. சத்தியம் பண்ணினதே தப்பு. மன்னிச்சிடுங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். "உங்ககிட்ட கேக்கறாரா?" என்றார். தினமும் என்றேன். "என்கிட்டயும்தான்" என்று சொல்லிவிட்டு பைபிளைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். பாதியில் மாட்டிக்கொண்டது. இழுத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "நானும் கூட வரேன், ஆனா நீங்கதான் சொல்லணும்."

ஜூன் 12

காலை ஆறரை. கவரை எடுத்துக்கொண்டேன். அண்ணி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்.