பிரிக்காத 11 மாத்திரைகள்

அட்டையில் 11 மாத்திரைகள் அப்படியே இருந்தன.

மூன்று மாதமாக ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தவள். "ஏன்டி நிறுத்தின?" என்றேன். பதில் சொல்லாமல் கைப்பேசியை நீட்டினாள். அவளுக்கு உயிரான ஒரு நடிகர், மனசுக்கு மாத்திரை எதற்கு, கடவுள் நம்பிக்கை போதும் என்று பேசிக்கொண்டிருந்தார்.

நாலு நாளாகத் தலைசுற்றல், தூக்கம் இல்லை, தலைக்குள் சுரீர் சுரீரென்று மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கிறதாம். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் இப்படி வரும். டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அந்த வீடியோவில் இது இல்லை.

2005 ஞாபகம் வந்தது. பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வுக்கு மருந்து எடுத்ததை நடிகை புரூக் ஷீல்ட்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். சயின்டாலஜி மதத்தைச் சேர்ந்த ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ் தொலைக்காட்சியில் அதைக் கடுமையாகக் கண்டித்தார். அந்த மதம் மனநல மருத்துவத்தையே எதிர்ப்பது. ஷீல்ட்ஸ் நியூயார்க் டைம்ஸில் பதில் எழுதினார். மறுவருடம் குரூஸ் அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார்.

இடையில் எத்தனை பேர் மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பார்களோ. அவர்களிடம் யார் மன்னிப்புக் கேட்பது? நினைத்தாலே வயிறு எரிகிறது.

"அப்போ நான் பிரார்த்தனை பண்ணக் கூடாதா?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

தாராளமா பண்ணு என்றேன். உன் டாக்டர் என்றைக்காவது அதை வேண்டாம் என்று சொன்னாரா?

இல்லை என்று தலையாட்டினாள்.

நாளைக் காலை அவரைப் பார்க்கப் போகிறோம். அந்த அட்டையை என் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.