சாபத்துக்கு எத்தனை மார்க்?

‘ரஷ்யப் புரட்சிக்கான காரணங்களை விவரி.’ முதல் இடைப்பருவத் தேர்வில் நான் கேட்டிருந்த ஐந்து மதிப்பெண் வினா. ஒரு மாணவி முதல் காரணமாக எழுதியிருந்தாள்: ‘ரஸ்புடின் என்னும் மந்திரவாதி ஜார் குடும்பத்துக்குச் சாபம் கொடுத்தான்.’ இரண்டாவது காரணம் உணவுத் தட்டுப்பாடு. மூன்றாவது உலகப்போர். அழகான கையெழுத்து, ஸ்கேல் வைத்துப் போட்ட அடிக்கோடு. சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியவள் நான்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் பதினோரு வருடமாகச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பு வரலாற்றில் முதல் பாடமே முதல் உலகப்போர்தான். ரஷ்யப் புரட்சி அதற்குள் வந்துவிடும். போல்ஷ்விக், மென்ஷ்விக் என்று கட்சிப் பிரிவுகளின் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்புறம் மனப்பாடம் செய்வார்கள், எழுதுவார்கள், மறந்துவிடுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் குளிர் தெரியும், ஜனவரியில் புல் மேல் உறைபனி பார்த்தவர்கள். ரேஷன் கடை வரிசையும் தெரியும். ஆனாலும் அன்றைய ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடில் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பெண்கள் அவர்களுக்குப் புத்தகத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த ஊருக்கு ஒரு முகம் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். அப்படித்தான் ‘அனஸ்தேசியா’வைத் தேர்ந்தெடுத்தேன். 1997இல் வந்த அமெரிக்கக் கார்ட்டூன் படம்.

தலைமையாசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பாட்டு டான்ஸெல்லாம் இருக்காம்மா?”

“இருக்கு சார். கார்ட்டூன்தான்.”

“அப்ப சரி.”

படம் ஒன்றரை மணி நேரம். என் பீரியடோடு விளையாட்டு பீரியடையும் கடன் வாங்கினேன். வேறு நாளாக இருந்தால் கலகமே நடந்திருக்கும். அன்றைக்கு மைதானத்தில் எதிர்க் கம்பம்கூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி. ஆங்கில வசனத்தை அங்கங்கே நிறுத்தித் தமிழில் சொன்னேன். ரயில் பாலத்தில் பாயப் போகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பத்து நிமிடம் இருட்டில் அவர்களே ஆளுக்கொரு முடிவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பத்து நிமிடம்தான் எனக்குப் பிடித்தது.

கதையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1916இல் அரண்மனையில் விருந்து. ரஸ்புடின் புகுந்து அரச குடும்பத்தைச் சபிக்கிறான். அவன் தன் ஆன்மாவை விற்று வாங்கிய ஒரு சிமிழிலிருந்து பச்சை நெருப்பு புறப்படுகிறது, மக்கள் அரண்மனைக் கதவை உடைக்கிறார்கள். குட்டி இளவரசி தப்புகிறாள், நினைவை இழக்கிறாள், அநாதை இல்லத்தில் வளர்கிறாள், கடைசியில் பாரிஸில் பாட்டியிடம் போய்ச் சேர்கிறாள். மந்திரவாதியின் உயிர் அந்தச் சிமிழில் இருக்கிறது. அவள் அதைக் காலால் நசுக்க, அவன் கரைந்து போகிறான்.

“மிஸ், இது கிளிக் கதை!” என்று இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கிளிக்குள் மந்திரவாதியின் உயிர். எந்தப் பாட்டியிடம் கேட்டார்களோ, அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஃபேரி டேல் என்றால் தேவதைக் கதை என்று அகராதி சொல்லும். நம் ஊர்க் கதைகளில் சிறகு முளைத்த தேவதைகளைத் தேடினாலும் கிடைக்காது. ராஜா ராணிக் கதை என்றால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். அன்றைக்கு மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனேன். மூன்று வாரம் கழித்து அந்த விடைத்தாள்.

எடுத்துப் பார்த்தால் அவள் மட்டுமில்லை, ஏழு பேர் சாபத்தை எழுதியிருந்தார்கள். ஒருவன் படத்தில் ரஸ்புடினோடு வரும் வௌவாலைக்கூட விடவில்லை.

அடுத்த வகுப்பில் பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இந்தப் பக்கம் படம், அந்தப் பக்கம் நடந்தது. ஜாரின் ரோமானோவ் வம்சத்தின் முந்நூறாம் ஆண்டு விழா படத்தில் 1916இல் நடக்கிறது. உண்மையில் அது 1913. படத்து அனஸ்தேசியாவுக்கு 1916இல் எட்டு வயது. நிஜ அனஸ்தேசியா 1901இல் பிறந்தவள், அப்போது பதினைந்து. “நம்ம வயசு மிஸ்” என்றாள் முன்வரிசைப் பெண். படத்தில் மக்கள் கதவை உடைக்கும் காரணம் பச்சை நெருப்பு. நடந்ததில் உலகப்போரின் மூன்றாவது வருடம். செத்துக்கொண்டிருந்த படைவீரர்கள், 1915இல் தானே படைத்தலைமையை ஏற்றுப் போர்முனைக்குப் போய்விட்ட ஜார், தலைநகரில் ரொட்டி இல்லை. 1917 மார்ச் 8, மகளிர் தினத்தன்று பெட்ரோகிராடின் பெண் தொழிலாளர்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். ஒரு வாரத்தில் ஜார் முடிதுறந்தார். படத்தில் போர் என்ற ஒன்றே கிடையாது. இதைப் பலகையில் எழுதிய பிறகுதான் எனக்கே உறைத்தது. வருடா வருடம் நடத்திய பாடம்!

அந்தப் பக்கத்தின் கடைசி வரியை எழுதத்தான் யோசித்தேன். 1918 ஜூலை 16 இரவு தாண்டி, யெகாடெரின்பர்க் நகரில் ஒரு வீட்டு நிலவறையில் ஜார், மனைவி, நான்கு மகள்கள், பதின்மூன்று வயது மகன், கூட இருந்த மருத்துவர், வேலையாட்கள் மூவர், ஆகப் பதினொரு பேரும் கொல்லப்பட்டார்கள். எழுதினேன்.

“சின்னப் பையனையுமா?”

“ஆமா.”

“அப்ப கெட்டவங்க யாரு மிஸ்?”

பாட்டிக் கதையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை, முதல் வரியிலேயே தெரிந்துவிடும். 1905இல் மனு கொடுக்க ஊர்வலமாக வந்த தொழிலாளர்களை ஜாரின் படை சுட்டுத் தள்ளியதைச் சொன்னேன். அந்தப் பையனின் சாவை அது நியாயப்படுத்தாது என்றும் சொன்னேன். உண்மையில், இத்தனை வருடமும் ஜாரையே மந்திரவாதியாக்கித்தான் நான் பாடத்தை முடித்து வந்திருக்கிறேன். அது சுலபம். பரீட்சைக்கும் வசதி.

அனஸ்தேசியா தப்பவே இல்லையா என்று கேட்டார்கள். தப்பியதாகப் பல பேர் நம்பினார்கள். 1920இல் பெர்லினில் கால்வாயிலிருந்து காப்பாற்றப்பட்ட ஒரு பெண், தானே அந்த இளவரசி என்று சொல்லிக்கொண்டு 1984இல் சாகும்வரை வாழ்ந்தார். ஆன்னா ஆண்டர்சன் என்று பெயர். 1994இல் அவருடைய திசுவை டிஎன்ஏ சோதனை செய்தபோது அரச குடும்பத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. அவர் பிரான்சிஸ்கா ஷான்ஸ்கோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண். போர்க்காலத்தில் வெடிகுண்டு ஆலையில் வேலை பார்த்த தொழிலாளி. இளவரசிகளின் எலும்புகள் 1991இலும் 2007இலும் தோண்டி எடுக்கப்பட்டு, ஒருவரும் தப்பவில்லை என்பது உறுதியானது.

வகுப்பில் ஒரு பெண்ணின் அம்மா தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறார். சாதாரணமாக வாயே திறக்காதவள். “ஃபேக்டரிப் பொண்ணு கதைன்னா யாரு மிஸ் படம் எடுப்பாங்க” என்றாள். பகடியாகச் சொன்னாளா வருத்தமாகச் சொன்னாளா என்று பிடிபடவில்லை.

இன்னொருவன் கதையால் ஊரே நகர்ந்ததைச் சொன்னான். அவன் குடும்பம் இலங்கையிலிருந்து சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் குடியேறியது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லித்தான் கங்காணிகள் கண்டிச் சீமைக்கு ஆள் பிடித்தார்களாம். “எங்க பாட்டனாரோட அப்பா அதை நம்பிக் கப்பல் ஏறினவர் மிஸ்.” வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.

அதே உற்சாகத்தில்தான் ரஸ்புடினுக்குத் திரும்பினேன். சைபீரியக் குடியானவன். ஜாரின் மகனுக்கு ரத்தம் உறையாத நோய். பிரார்த்தனையால் அதைத் தணிக்க வல்லவன் என்று மகாராணி நம்பினாள். அரண்மனையில் அவன் செல்வாக்கு வளர வளர, வெளியே கதைகளும் வளர்ந்தன. மகாராணியை வசியம் செய்துவிட்டான், ஜெர்மனிக்கு உளவு பார்க்கிறான், நாட்டின் கேடுகளுக்கெல்லாம் அவனே காரணம். கார்ட்டூன்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. 1916இலேயே தெருவிலும் மாளிகையிலும் அவன் மந்திரவாதிதான். அவனைத் தீர்த்துக்கட்டினால் அரியணை பிழைக்கும் என்று நம்பிய பிரபுக்கள் சிலர் அந்த டிசம்பரில் அவனைக் கொன்றார்கள். ஆற்றுப் பனிக்கட்டிக்கு அடியில் உடல் கிடைத்தது. படத்திலும் அவன் பனிக்கட்டி உடைந்து ஆற்றில்தான் மூழ்குகிறான். அந்த ஒரு இடத்தில் மட்டும் சரித்திரம் எட்டிப் பார்க்கிறது. சரி, கிளியின் கழுத்தைத் திருகியாயிற்று. அப்புறம்? ரொட்டி வரிசை அப்படியே நின்றது. இரண்டரை மாதத்தில் அரியணை போனது.

“எங்க ஊருக்கும் இருந்தாங்க மிஸ், மந்திரவாதிங்க” என்று எழுந்தான் ஒரு ஹட்டிப் பையன், படுகர் ஊர்க்காரன். “குறும்பருங்க. மாடு செத்தா அவங்க வேலைன்னு எங்க பாட்டி…”

பாதியில் நின்றுவிட்டான். மூன்றாவது பெஞ்சில், மலைச்சரிவில் கீழே ஆலு குறும்பர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் பையன் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் ஒரே கபடி அணி.

நான் அங்கே செய்ததைச் சொல்லியாக வேண்டும். “சரி, அடுத்தது” என்று பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த ‘சரி’ என்னை அரித்தது. 1905இல் சுட்டதை அவ்வளவு தைரியமாகப் பேசிவிட்டு, பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் நடந்ததற்கு முதுகைக் காட்டியிருக்கிறேன்.

திங்கள் காலை அந்தப் பையனை வராந்தாவில் தனியாகப் பார்த்தேன். இதைப் பற்றி வகுப்பில் பேசலாமா, உனக்குச் சங்கடமா என்று கேட்டேன். ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டே, “பேசுங்க மிஸ். நாங்க கேட்டுப் பழகினதுதான்” என்றான்.

பேசினேன். மாடு செத்தாலும் காய்ச்சல் பரவினாலும் குறும்பர் சூனியம் என்று பழி போட்டதையும், 19ஆம் நூற்றாண்டில் இதே மலையில் அந்தப் பழியால் குறும்பர்கள் கூட்டமாகவே கொல்லப்பட்டதையும், அந்தக் காலத்து ஆங்கிலேய அதிகாரிகளின் குறிப்புகளில் அது இருப்பதையும் சொன்னேன். விதைப்புக் காலத்தில் முதல் விதையைப் போட படுகர் ஊர்கள் அழைத்ததும் குறும்பரைத்தான். அவர் கை பட்டால் விளையும், அவர் கண் பட்டால் சாகும். பயமும் தேவையும் ஒரே ஆள் மேல். இதைச் சொல்லும்போது ஹட்டிப் பையனைப் பார்க்காமல் பேசினேன். அவன் பாட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. அந்தப் பாட்டிக்கும் யாரோ ஒரு பாட்டி சொன்னதுதானே.

சாபத்தை எழுதிய பெண் கை தூக்கினாள். “அவங்களைக் கொன்னதுக்கப்புறம் மாடு சாகறது நின்னுச்சா மிஸ்?”

யாரும் பேசவில்லை. வெளியே ஜீப் ஒன்று ஏற்றத்தில் உறுமிக்கொண்டு போவது கேட்டது.

அவளுடைய அந்த விடைக்கு நாலு மதிப்பெண் போட்டிருந்தேன். அன்று மாலை ஸ்டாஃப் ரூமுக்கு வந்து அந்த ஒரு மதிப்பெண்ணைக் கேட்டாள். சாபத்துக்கு மார்க் கிடையாது என்றேன். “சாபம் விட்டான்னு ஜனங்க நம்பினாங்கன்னு எழுதியிருந்தா?” என்றாள். அது செல்லும், முழு மதிப்பெண். அடுத்த தேர்வில் எழுது என்று அனுப்பினேன். போகும்போது முகம் தொங்கித்தான் இருந்தது, எனக்குச் சிரிப்பு வந்தது.

படத்தை இந்த வருடமும் போட்டேன். கோடு போட்ட பலகை இந்த முறை தேர்வுக்குப் பிறகு இல்லை, படத்தோடு சேர்ந்தே. கரண்ட் போகவில்லை, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஆனால் இப்போதும் நினைவில் நிற்பது அந்தத் திங்கட்கிழமையின் கடைசி இரண்டு நிமிடம். பெல் அடிக்கப் போகிறது, பிள்ளைகள் பை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது பெஞ்சுப் பையன் உட்கார்ந்தபடியே கேட்டான்.

“மிஸ், ரஸ்புடினோட சொந்த ஊர் எது?”

“பொக்ரோவ்ஸ்கோயே. சைபீரியால ஒரு கிராமம்.”

“அந்த ஊர்க்காரங்க அவரைப் பத்தி என்ன கதை மிஸ் சொல்வாங்க?”

பலகையில் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. கோட்டுக்கு மேலே கிடைத்த இடத்தில் அந்த ஊரின் பெயரை எழுதினேன். அவன் நோட்டை மறுபடி பையிலிருந்து எடுத்து, எழுத்துக் கூட்டி, அதைப் பார்த்து எழுதிக்கொண்டான்.