‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு அப்பால்: எங்கள் இசைக் காணொளிக்குக் கருத்துக் கேட்ட நான்கு வாரங்கள்

நான்காவது படத்தொகுப்பு முடிந்த அன்றே காணொளியை நண்பர்கள் இருபது பேருக்கு அனுப்பினோம். கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்து, விடுமுறை நாட்களில் மட்டும் படம்பிடித்து, இரண்டு மாதம் உழைத்துச் செய்தது. பாடல் 3 நிமிடம் 38 விநாடி. கதை எளியது. அண்ணனும் தங்கையும் ஒரே சைக்கிளோடு வளர்கிறார்கள். அண்ணன் வேலை தேடி வெளியூர் போகிறான். தங்கை அந்தச் சைக்கிளைத் தானே பழுதுபார்த்து ஓட்டத் தொடங்குகிறாள்.

பதினேழு பேர் பதில் எழுதினார்கள். ‘அருமை’, ‘மிக நன்றாக வந்திருக்கிறது’, ‘வாழ்த்துகள்’. படிக்கப் படிக்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் படத்தொகுப்புக்கு உட்கார்ந்தபோது, அந்தப் பதினேழு பதில்களை வைத்துக்கொண்டு ஒரு ஷாட்டைக்கூட நகர்த்த முடியவில்லை. நாங்கள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவர்களிடம் ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? அவர்கள்மேல் குறையில்லை. நாங்கள் கேட்ட விதம் சரியில்லை.

இரண்டாம் வாரம், எங்களை அதிகம் அறியாத எட்டுப் பேரைத் தனித்தனியாக உட்காரவைத்துக் காட்டினோம். படம் தொடங்குவதற்கு முன் எதையும் விளக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. ‘நிறம் இன்னும் சரிசெய்யவில்லை’ என்றுகூடச் சொல்லக் கூடாது. சொன்னால் பார்ப்பவர் நிறத்தைத்தான் பார்ப்பார். நான் பக்கவாட்டில், சற்றுத் தள்ளி உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தேன். மடியில் ஒரு தாள். அதில் ஐந்து விநாடிக்கு ஒரு கட்டம்.

முகம் நிறையச் சொல்லியது. முதல் சரணம் முடிந்து வரும் இடையிசையில், 1:24 அளவில், எட்டுப் பேரில் ஐந்து பேரின் பார்வை திரையின் அடிப்பகுதிக்கு, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று காட்டும் கோட்டுக்கு இறங்கியது. ஒருவர் கைக்கடிகாரத்தைத் தொட்டார். 2:05-இல் தங்கை சங்கிலியைப் பல்சக்கரத்தில் மாட்டும் இடத்தில் ஆறு பேர் முன்னால் சாய்ந்தார்கள். அது நாங்கள் அவசரமாக, வெளிச்சம் மங்கும் நேரத்தில் எடுத்த ஷாட். நீக்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

இந்த முறையை இன்னும் துல்லியமாக்க ஆசை வந்தது. 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ஃபிராங்க் ஸ்டான்டனும் வானொலி நிகழ்ச்சிகளைச் சோதிக்க ஒரு கருவியை உருவாக்கினார்கள். நேயர் கையில் இரண்டு பொத்தான்கள். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு, எதையும் அழுத்தாவிட்டால் நடுநிலை. நிகழ்ச்சி ஓட ஓட அது தாளில் பதிவாகும். எங்களிடம் இருந்தது ஒரு பென்சிலும் ஒலிப்பதிவு செய்யும் கைபேசியும். ‘சலிப்பாக இருந்தால் மேசையில் ஒரு தட்டு தட்டுங்கள்’ என்றோம். பாட்டும் தட்டலும் ஒரே பதிவில் விழுந்துவிடும், பிறகு நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. பல்லவி இரண்டாம் முறை வந்தபோது பார்த்தவர் தாளத்துக்குத் தட்டத் தொடங்கிவிட்டார். எது சலிப்பு, எது தாளம் என்று பிரிக்க வழியே இல்லை. அதற்கடுத்தவரிடமிருந்து பென்சிலை வாங்கிவைத்துவிட்டு, கையில் ஓர் அட்டையைக் கொடுத்தோம். சலித்தால் உயர்த்த வேண்டும், அவ்வளவுதான். அட்டை சரியாக வேலைசெய்தது.

உதட்டசைவு பற்றிய புகாரை இங்கே விரிவாக எழுத வேண்டும். இதில் இரண்டு நாள் போயிற்று. எட்டுப் பேரில் மூன்று பேர், ‘பாடுகிறவர் வாய்க்கும் பாட்டுக்கும் ஏதோ பொருந்தவில்லை’ என்றார்கள். எங்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகுதான் கவனித்தோம்: மூன்று பேரும் புளூடூத் ஹெட்போனில் கேட்டவர்கள். கம்பியில்லா ஹெட்போனில் ஒலி நூறு, இருநூறு மில்லி விநாடி தாமதமாக வருவது வழக்கம். காணொளி ஓட்டும் செயலிகள் பலவும் அதை ஈடுகட்டிவிடும். நாங்களோ படத்தொகுப்பு மென்பொருளிலிருந்தே நேரடியாக ஓட்டிக் காட்டியிருந்தோம். கம்பி ஹெட்போனைக் கொடுத்து மறுபடி காட்டியதும் இரண்டு பேர் ‘இப்போது சரி’ என்றார்கள். மூன்றாமவர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாம் சரணத்தில் ஒரே ஒரு ஷாட்டை விரலால் காட்டி, ‘இங்கே மட்டும் இன்னும் இடிக்கிறது’ என்றார்.

அந்த ஷாட்டை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தோம். ‘ம’கரம் ஒலிக்கும்போது உதடு மூடியிருக்க வேண்டும், இரண்டு ஃபிரேம் கழித்துத்தான் மூடியது. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. ஆக, ஒலி 80 மில்லி விநாடி முந்திக்கொண்டிருந்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரை ஒன்றில் இதற்கு அளவு இருக்கிறது: ஒலி சுமார் 45 மில்லி விநாடி முந்தினாலே மனிதர்களுக்குத் தெரிந்துவிடும், பிந்தினால் சுமார் 125 வரை தெரியாது. யோசித்தால் நியாயமாகவே படுகிறது. தூரத்தில் துணி துவைப்பவரின் அடி முதலில் கண்ணுக்குத் தெரியும், சத்தம் பிறகு வரும். சத்தம் முதலில் வந்து காட்சி பிறகு வருவது இயற்கையில் இல்லை. அவர் விரல் காட்டிய இடத்தில் குறை உண்மையாகவே இருந்தது. மூன்று பேரின் புகாரையும் ‘ஹெட்போன் கோளாறு’ என்று ஒரேயடியாக ஒதுக்கியிருந்தால் அது அப்படியே நின்றிருக்கும்.

மூன்றாம் வாரம் எழுத்துப் படிவம். முதலில் ‘கதை புரிந்ததா?’ என்று கேள்வி வைத்திருந்தோம். இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்த்தோம். இருவரும் ‘ஆம்’ என்று எழுதினார்கள். இப்படிக் கேட்டால் யாரும் ‘இல்லை’ என்று எழுதப்போவதில்லை. அதனால் கேள்வியை மாற்றினோம்: ‘நீங்கள் பார்த்த கதையை மூன்று வரியில் எழுதுங்கள்.’ புதிதாகப் பதினான்கு பேருக்குக் காட்டினோம்.

ஒன்பது பேர் காதல் கதை எழுதியிருந்தார்கள். ‘காதலன் அவளைவிட்டுப் போய்விடுகிறான், அவன் நினைவாக அவள் சைக்கிளை வைத்துக்கொள்கிறாள்.’ தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் இயக்குநருக்குக் கோபம். ‘அப்படியெல்லாம் ஒரு ஷாட்கூட நான் எடுக்கவில்லை’ என்றாள். உண்மைதான். ஆனால் அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்று சொல்லும் ஷாட்டும் ஒன்றுகூட இல்லை. எங்களுக்கு எழுதும்போதே தெரிந்திருந்ததால், அது திரையில் இல்லை என்பது ஐந்து பேர் கண்ணுக்கும் தெரியவில்லை. ஒரு பையன், ஒரு பெண், பிரிவைப் பாடும் மெல்லிய பாட்டு. பார்ப்பவர் பழகிய வழியில்தான் போவார்.

இதே படிவத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. பதினொரு பேர் ‘முடிவு நீளம், குறைக்கலாம்’ என்று எழுதியிருந்தார்கள். கடைசி 22 விநாடி, தங்கை தனியாகச் சைக்கிள் ஓட்டிப் போகும் ஒரே ஷாட். பாதியாக வெட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். இயக்குநர் ஒப்பவில்லை. முதலில் அண்ணன் தங்கை சிக்கலைச் சரிசெய்வோம், பிறகு பார்ப்போம் என்றாள்.

எழுத்து எதுவும் போடாமல் ஒரு ஷாட் புதிதாக எடுத்தோம். கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் செருகிய பழைய புகைப்படம், மூலை மடங்கியது. அதே சைக்கிள், சீட்டுக்குக் கால் எட்டாமல் நின்றபடி மிதிக்கும் சிறுவன், முன்கம்பியில் முன்பல் விழுந்த சிறுமி. நான்கு விநாடி. முதலில் அதை 1:20-இல், தொய்வான இடையிசையைத் தாங்கட்டும் என்று வைத்து ஆறு பேருக்குக் காட்டினோம். நான்கு பேர் இன்னும் காதல் என்றுதான் எழுதினார்கள். ஒருவர் ‘சிறுவயதிலிருந்தே காதலர்கள்’ என்று எழுதினார். அதற்குள் மனத்தில் ஒரு கதை முடிவாகிவிட்டது. புகைப்படத்தையும் அந்தக் கதைக்குள் இழுத்துக்கொண்டார்கள். அதே நான்கு விநாடியை 0:11-க்கு மாற்றி, தங்கை கண்ணாடிமுன் அண்ணனைப் போலவே தலைசீவும் ஷாட்டை அடுத்து ஒட்டினோம். அடுத்த ஏழு பேரில் ஆறு பேர் அண்ணன் தங்கை என்று எழுதினார்கள்.

முடிவு நீளம் என்று அந்த ஏழு பேரில் ஒருவரும் எழுதவில்லை. அந்த 22 விநாடியில் நாங்கள் ஒரு ஃபிரேமைக்கூட வெட்டவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் நானே வாய்விட்டுக் கேட்டேன்: ‘கடைசி ஷாட் நீளமாகத் தோன்றியதா, அம்மா?’ ‘நீளமா? அவள் திருப்பத்தைத் தாண்டும்வரை நான் பார்க்க வேண்டாமா?’ என்றார். யாருக்காகப் பார்க்கிறோம் என்று தெரியாதபோது 22 விநாடி நீளம். தெரிந்தபோது அது போதவில்லை. பதினொரு பேரும் தங்கள் சலிப்பைச் சரியாகத்தான் சொன்னார்கள். அதற்கான காரணம் மட்டும் மூன்று நிமிடம் முன்னால் இருந்தது.

இதற்கிடையே ஒரு தட்டுப்பாடு வந்தது: புதுக் கண்கள். ஒருமுறை பார்த்தவரிடம் மறுபடி கதை கேட்டுப் பயனில்லை. அவருக்கு விடை தெரியும். தெரிந்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் இன்னும் பார்க்காதவர்கள் ஐந்து பேர்தான். முதல் நாளே இருபது பேருக்கு அனுப்பித் தீர்த்துவிட்டது இப்போது உறுத்துகிறது. அடுத்த முறை நிறம், ஒலி அளவு போன்றவற்றுக்குப் பழைய பார்வையாளர்கள், கதைக்கு மட்டும் புதியவர்கள் என்று முதலிலேயே பிரித்துவைப்பேன்.

இப்போது கையில் இருப்பது ஏழாவது வடிவம். 1:24-இல் இருந்த தொய்வை ஆறு விநாடி குறைத்திருக்கிறோம். சங்கிலி மாட்டும் ஷாட்டுக்கு இரண்டு விநாடி கூட்டியிருக்கிறோம். ஐந்து பேரில் இருவருக்கு நேற்றுக் காட்டினோம். ஒருவர் பத்து வயதுச் சிறுமி. படம் முடிந்து திரை இருண்டபின் ஒருமுறை சைக்கிள் மணி ஒலிக்கும். ஒலியைத் தொகுத்த நண்பன் விரும்பிச் சேர்த்தது. இதுவரை யாரும் அதைக் குறிப்பிட்டதில்லை, எடுத்துவிடலாம் என்றிருந்தோம். அவள் படிவத்தில் கதையை எழுதவில்லை. ஒரே ஒரு வரி: ‘கடைசியில் மணி அடித்தது அண்ணனா?’

மணியை எடுக்கவில்லை. மீதி மூன்று பேருக்குச் சனிக்கிழமை காட்டுகிறோம்.