கிழங்குக் குவியலும் விடுதலைப் பத்திரமும்

பப்புவா நியூகினி நாட்டின் கிழக்கு ஓரத்தில் டிரோபிரியாண்ட் தீவுகள் இருக்கின்றன. அங்கே கிழங்கு அறுவடை முடிந்ததும் விளைந்ததில் நல்லதைப் பொறுக்கித் தோட்டத்திலேயே கூம்பாகக் குவிப்பார்கள். நம் சிறுவள்ளிக்கிழங்கு வகைதான். அவர்கள் டாய்ட்டு என்பார்கள். ஊரே வந்து பார்க்கும், யாருடைய குவியல் பெரிது என்று பேசும். பேசி முடித்த பிறகு, அதை விளைவித்தவன் வீட்டுக்கு அந்தக் கிழங்கு போகாது. கூடை கூடையாகச் சுமந்துபோய், அவனுடைய அக்காவோ தங்கையோ வாழ்க்கைப்பட்ட வீட்டுக் களஞ்சியத்தில் அடுக்கிவிட்டு வருவார்கள். ஒரு தடவை செய்துவிட்டு ஓய்கிற விஷயம் இல்லை, அறுவடைக்கு அறுவடை நடப்பது. உரிகுபு என்று பெயர்.

1915க்கும் 1918க்கும் நடுவில் இரண்டு தடவை அங்கே போய்த் தங்கிய மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி இதை விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே வம்சம் அம்மா வழி. நிலமும் அம்மா வழிக் குலத்துக்குச் சொந்தம். கல்யாணம் ஆன பெண் கணவன் ஊரில் குடியிருந்தாலும் அவள் பெறுகிற பிள்ளைகள் அவள் குலத்துப் பிள்ளைகள். மகன் வளர்ந்து ஆளானால் அவனுக்கு உரிமை இருப்பது மாமன் ஊர் நிலத்தில். ஆகவே அண்ணன் கொண்டுவந்து போடுகிற கிழங்கு தயவு அல்ல. குலத்தின் சொத்தில் அவளுக்கு வந்து சேர வேண்டிய பங்கு. மாலினோவ்ஸ்கி சொல்லும் விளக்கம் இதுதான்.

இதையெல்லாம் நான் படித்தது மானிடவியல் முதுகலை வகுப்பில். அப்புறம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, கோவில்பட்டிப் பக்கம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த அவருடைய பத்திர எழுத்தர் மேசைக்கு வந்தேன். அந்த மேசையில் உட்கார்ந்தால் உரிகுபு ஞாபகம் வராத வாரமே கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

தாய்மாமன் என்கிற மனிதர் உலகத்தில் பல ஊர்களில் விசேஷமானவர். தென் மொசாம்பிக்கின் தோங்கா மக்களிடையே இருந்த சுவிஸ் பாதிரியார் ஜூனோ எழுதிய குறிப்புகளில், மருமகன் மாமன் வீட்டுக்குள் நுழைந்து சாப்பாட்டை எடுத்துச் சாப்பிடுவான், மாமன் குடும்பத்துப் பலிச்சோற்றிலும் கை வைப்பான், யாரும் கேட்க முடியாது. ஃபிஜியில் வாசு என்ற பெயரில் அக்கா தங்கை மகனுக்கு இப்படிப்பட்ட உரிமைகள் உண்டு. அம்மாவிடம் உள்ள பாசம் அவள் கூடப்பிறந்தவனிடமும் நீள்கிறது என்று 1924இல் மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் விளக்கினார். எனக்கு அது போதவில்லை. டிரோபிரியாண்டில் மாமன் கண்டிப்பானவன், அப்பாதான் தோளில் தூக்கிக் கொஞ்சுபவர். மகனுக்கு அப்பா மேல் பகை என்பது மனித குலத்துக்கே பொது என்ற உளவியலாளர் ஃபிராய்டின் கருத்தை மாலினோவ்ஸ்கி மறுத்ததும் இதை வைத்துத்தான். மாமன் எங்கே செல்லம், எங்கே கண்டிப்பு என்பதை, அண்ணன் தங்கை, கணவன் மனைவி, அப்பா மகன் ஆகிய மற்ற மூன்று உறவுகளோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று 1945இல் பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் சொன்னார். இவர்களில் நான் லெவி-ஸ்ட்ராஸ் பக்கம். தாய்மாமனைப் பற்றிய எந்தப் பேச்சும் கடைசியில் அண்ணன் தங்கையைப் பற்றிய பேச்சாகத்தான் முடியும்.

நம் பக்கத்துக்கு வருவோம். எங்கள் ஊர்களில் காதுகுத்துக்கு மாமன் மடி வேண்டும். பெண் பிள்ளை பெரிய மனுஷியானால் தட்டுத் தட்டாகச் சீர் மேளத்தோடு தெருவில் வர வேண்டும். பொங்கல்படி வர வேண்டும். அவள் செத்தால் பிறந்த வீட்டுக் கோடித் துணி வராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். அண்ணன் தம்பிகள் இதையெல்லாம் கடன் வாங்கியாவது செய்கிறார்கள். அந்தப் பாசம் பொய் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். என் அக்கா மகளுக்குச் சீர் எடுத்துப் போன அன்று எனக்கு இருந்த பெருமிதம் சாதாரணமானது இல்லை.

ஆனால் நம் நிலம் அப்பா வழியில் போகிறது. அங்கே கிழங்குக்குப் பின்னால் நிலம் இருக்கிறது. இங்கே சீர்த் தட்டுக்குப் பின்னால் நிலம் இல்லை. அப்பா போன பிறகு வாரிசுச் சான்றிதழோடு அண்ணன் வருவார், கூடவே தங்கைகள் வருவார்கள், தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதச் சொல்வார்கள். "இனிமேல் எனக்கோ என் வாரிசுகளுக்கோ மேற்படி சொத்தில் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது" என்று நான் எழுதுவேன், அந்தப் பெண் கைரேகை வைப்பாள்.

ஒரு அம்மாவிடம், "தாயி, உங்களுக்குச் சரிபாதி உண்டு, தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியும் அண்ணாச்சி. ரெண்டு பிள்ளைகளையும் மடியில வச்சுக் காது குத்துனது அவன்தானே. நாளைக்கு எனக்குக் கோடி போட அவன் வரணும்லா?" என்றார். பங்கு கேட்டால் பிறந்த வீட்டுக் கதவு சாத்திவிடும் என்ற பயம் அது. சீர் என்பது பங்குக்கு ஈடாகிப்போன இடம் இதுதான். எனக்கு இதில் கோபம் உண்டு. பிறந்த வீட்டோடு உள்ள உறவு அறுந்துபோகாமல் இருப்பதற்கு ஒரு பெண் நிலத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

டிரோபிரியாண்டில் இன்னொரு பாதியும் உண்டு. மாலினோவ்ஸ்கி அதைக் கவனிக்காமல் விட்டார். 1970களில் அங்கே போன அனெட் வைனர் என்ற பெண் மானிடவியலாளர் அதைப் பார்த்தார். குலத்தில் சாவு விழுந்தால் பெண்கள் காய்ந்த வாழையிலைக் கட்டுகளையும் நாரில் செய்த பாவாடைகளையும் மலைபோலக் கொண்டுவந்து பங்கிடுகிறார்கள். அது பெண்களின் செல்வம், பெண்கள் கையால் பங்கிடப்படுவது. மைத்துனனின் கிழங்கை வாங்கிய கணவன், மனைவி அந்தக் கட்டுகளைச் சேர்க்கத் தன் காசையும் பண்டத்தையும் செலவழித்தாக வேண்டும். அண்ணன் கொடுத்தது கணவன் வழியாகச் சுற்றி, அவள் கைக்கும் அவள் குலத்தின் மதிப்புக்கும் வந்து சேர்கிறது. நம் ஊர்ச் சீரில் எத்தனை தட்டு அவள் பெயரில் தங்குகிறது?

சட்டம் எப்போதோ தெளிவாகிவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை மட்டும் விட்டுவிட்டது. 2005இல் மத்திய சட்டம் அந்தத் தடையை வைக்கவில்லை. அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

என்னிடம் விடுதலைப் பத்திரம் எழுத வருகிறவர்களுக்கு இப்போது ஒரு நடைமுறை வைத்திருக்கிறேன். எழுதும் முன்னால் தங்கையைத் தனியாக உட்கார வைத்து, எத்தனை சென்ட், இன்றைய வழிகாட்டி மதிப்பு என்ன என்பதைத் தாளில் எழுதிக் கையில் கொடுப்பேன். அண்ணனுக்கும் ஒரு நகல் கொடுத்து, பாகப்பிரிவினை போட்டுவிட்டுச் சீரும் கொண்டுபோகலாமே என்று சொல்வேன். சில அண்ணன்கள் வேறு மேசைக்குப் போய்விடுகிறார்கள். சிலர் டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று தங்கையோடு எழுந்து போய், திரும்பி வந்து பாகப்பிரிவினைக்கே எழுதச் சொல்கிறார்கள்.